பழைய கடிதத்துக்கு வந்த பதில்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஏசுதாசன் ஞானசௌந்தரிக்குப் போன் செய்தார். கோயில் பாடகர் குழுவில் அவள் கணவர் தனசிங்குக்குப் பக்கத்தில் நின்று இருபது வருஷம் பாடியவர். வழக்கமாக "ஸ்தோத்திரம் அக்கா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார். அன்றைக்கு வெறுமனே தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க தம்பி."

"அண்ணன்கிட்டருந்து எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு."

தனசிங் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அடக்க ஆராதனையில் முதல் பாட்டை எடுத்துக் கொடுத்ததே இந்த ஏசுதாசன்தான்.

"எப்ப வந்துது?"

"நேத்து. 'தாமதமான பதிலுக்கு மன்னிக்கவும், இணைப்பைப் பார்க்கவும்'னு இங்கிலீஷ்ல ஒரே வரி. போன டிசம்பர்ல பிராக்டிஸ் எத்தனை மணிக்குன்னு நான் கேட்டிருந்தேன்ல, அதுக்குப் பதில் மாதிரி வந்திருக்கு. நான் தொறக்கல அக்கா. தொறக்கப் பயமா இருக்கு. அழிக்கவும் மனசு வரல."

அன்று மாலைக்குள் இன்னும் மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருவர் வருத்தப்பட்டார், ஒருவர் கோபப்பட்டார். பென்ஷனர் சங்கத்துக்காரர் ஒருவர், "சார் நல்லா இருக்காரா?" என்று கேட்டுவிட்டு, தான் என்ன கேட்டோம் என்று புரிந்ததும் போனை வைத்துவிட்டார்.

ஞானசௌந்தரி குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் அறிவியல் நடத்தியவள். காரணம் இல்லாமல் காரியம் நடக்காது என்று ஆயிரம் பிள்ளைகளுக்காவது சொல்லியிருப்பாள். ஆனால் இரும்புலியூர் வீட்டின் முன்னறையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவளுக்குக் காரணமும் தெரியாது, காரியமும் தெரியாது. அது தனசிங்கின் பொருள். அவர் போன பிறகு தினமும் காலையில் அதைத் திறந்து, அவருக்கு வருகிற மெயில்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் படிப்பாள். எது முக்கியம் எது குப்பை என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எதையும் விட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது. சனிக்கிழமை கேஸ் இணைப்பு ரத்தாகப் போகிறது என்று ஒன்று வந்தது. அதில் திறக்கச் சொன்னதைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. சரி என்று மூடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கரீம் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கு அவள் மெயிலைத் திறந்தாள். மேலே ஒரு பெயர் இருந்தது. யக்ஞநாராயணன்.

முப்பத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் அது.

தனசிங்கும் அவரும் ஒரே கம்பெனியில், ஒரே ஸ்டோரில், எதிரெதிர் மேஜையில் வேலை பார்த்தவர்கள். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் தனசிங் வீட்டில் யக்ஞநாராயணனுக்கென்று தனியாகச் சைவச் சமையல் நடக்கும். பிறகு ஸ்டோரில் சாமான் காணாமல் போய், விசாரணை வந்தது. தனசிங் எடுக்கவில்லை என்பது யக்ஞநாராயணனுக்குத் தெரியும். கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. தனசிங்கை ஏழு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்ப வேலைக்குப் போனபோது எதிர் மேஜையில் வேறு ஆள் இருந்தார்.

மெயில் தமிழில் இருந்தது.

"அன்புள்ள தனசிங், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நீ படித்தாயோ, கிழித்துப் போட்டாயோ என்று நினைத்து நினைத்து ஓய்ந்துவிட்டேன். இப்போது தாமதத்துக்கு நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாய். நீ இணைத்திருக்கும் கடிதத்தை இந்தக் கம்ப்யூட்டர் திறக்க மறுக்கிறது. தங்கை மகளும் முயன்று பார்த்துவிட்டாள். பரவாயில்லை, நேரில் வந்து படித்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் ஏறினால் மத்தியானம் இரண்டுக்குள் தாம்பரம் வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு வா. எனக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. போன் கிடையாது. வர முடியாது என்றால் இதிலேயே எழுது."

அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு பதில் எழுதுகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, 'ஐயா' என்று அடித்தாள். அது சரியில்லை என்று அழித்தாள். 'அண்ணா' என்று அடிக்கும்போது கரீம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கையை எடுங்க, கையை எடுங்க! தொடாதீங்க!" வந்த வேகத்தில் பின்னால் இருந்த வயரைப் பிடுங்கிவிட்டார். "வைரஸ் உள்ள இருக்கறப்ப நீங்க அடிக்கிறது ஒவ்வொண்ணையும் அது பாத்துக்கிட்டு இருக்கும்."

"ஒரே ஒரு பதில் போடணும் கரீம் பாய். அவசரம்."

"ஒரு மணி நேரம் பொறுங்க. சுத்தம் பண்ணிக் குடுத்துடறேன். அப்புறம் நூறு பதில் போடுங்க."

ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. கடைசியில் கரீம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நாப்பத்திரண்டு கிருமி. ஒண்ணு விடாம எடுத்தாச்சு" என்றார். வயரைச் சொருகினார். இன்டர்நெட் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையின் மூலையில் இணைப்பு இருக்கிறது என்று காட்டியது. மெயிலைத் திறந்தால் மட்டும் வெள்ளைப் பக்கம் வந்து, அணுக முடியவில்லை என்றது.

"லைன்ல கோளாறு இருக்கும். கேபிள்காரனைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கரீம் போய்விட்டார்.

புதன்கிழமை கேபிள்காரர் வந்தார். பெட்டியை உற்றுப் பார்த்தார். தன் போனை அதே இணைப்பில் போட்டு ஏதோ கிரிக்கெட் ஓட விட்டார். "பாருங்கக்கா, எப்படி ஓடுது! நம்ம சைடு கிளியர். உங்க சிஸ்டம்தான் பிராப்ளம்."

"சிஸ்டம் சுத்தமா இருக்குன்னு அவர் சொன்னாரே."

"அவர் அப்படித்தான் சொல்வாரு."

"நீங்களும் அப்படித்தானே சொல்றீங்க?"

கேபிள்காரர் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஞானசௌந்தரி கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்தாள். பெட்டி உயிரோடு இருக்கிறது. லைனில் கோளாறில்லை. கிருமியும் போய்விட்டது. எல்லாரும் அவரவர் பங்குக்குச் சரி. ஆனால் ஸ்ரீரங்கத்தில் ஒரு கிழவர், செத்துப்போன மனிதரைப் பார்க்கப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அவரை நிறுத்துவதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே வழி இந்த வெள்ளைப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. தனசிங்கின் பழைய டைரியில் யக்ஞநாராயணன் பெயருக்கு நேரே ஆலந்தூர் விலாசம் ஒன்று இருந்தது. அதையும் யாரோ பேனாவால் அடித்திருந்தார்கள். யாரோ என்ன, அவரேதான்.

கோயம்புத்தூரில் இருந்த மகள் ஜென்சிக்குப் போன் போட்டாள். "அப்பா மெயிலை நான் இங்கிருந்தே திறக்கறேன், பாஸ்வேர்டு சொல்லும்மா" என்றாள் ஜென்சி.

"பாஸ்வேர்டா? நான் போட்டதே இல்லையே. திறந்தா திறக்கும்."

"அது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும்மா. நமக்குத் தெரியாது."

வியாழக்கிழமை காலை கரீமைக் கூப்பிட்டாள். "ஃபார்மட் போட்டுடலாம்மா, எல்லாம் அழிஞ்சு புத்தம் புதுசா ஆயிடும்" என்றார். பாஸ்வேர்டும் அழிந்துவிடுமா என்று கேட்டாள். ஆமாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்றாள். பின்னால் ஒரு பெண் குரல் அதட்டியது. போன் கைமாறியது.

"டீச்சர், நான் குல்ஷன். கரீம் வூட்டுக்காரி. நான் வர்றேன். இந்த ஆளு எது கெட்டாலும் ஃபார்மட்டுதான். பல்லு வலிச்சா தலையை எடுக்கிற டாக்டரு."

பதினொரு மணிக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு குல்ஷன் உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். துப்பட்டாவைச் சரியாகச் சுற்றிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதலில் கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றி இல்லை.

"இன்னா அவசரம் டீச்சர்? அத்த மொதல்ல சொல்லுங்க."

ஞானசௌந்தரி சொன்னாள். தனசிங், யக்ஞநாராயணன், ஒன்பது வருஷம், சனிக்கிழமை. குல்ஷன் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "யா அல்லா" என்றாள், திரையைப் பார்த்து.

பத்து நிமிஷம் எதையெதையோ திறந்து மூடினாள். பிறகு ஒரு பக்கத்தில் நின்று, உச்சுக் கொட்டினாள்.

"புடிச்சேன். இங்க பாருங்க டீச்சர். இந்த வைரஸ் உள்ள வந்தவொடனே கேட்டுல ஒரு ஆளை நிக்க வெச்சிருக்கு. வெளிய போற லெட்டர், உள்ள வர்ற லெட்டர், எல்லாம் அவன் கையில குடுத்துதான் போவணும்னு கம்ப்யூட்டருக்கு உத்தரவு. இதுக்கு ப்ராக்ஸின்னு பேரு. எங்க வூட்டுக்காரரு வந்து அந்த ஆளை அடிச்சுத் தொரத்திட்டாரு. நல்ல வேலைதான். ஆனா உத்தரவை யாரு மாத்துறது? கம்ப்யூட்டரு இன்னும் அவன் கையிலயே குடுத்துகினு கீது. அங்க ஆளே இல்ல."

"ஆள் இல்லன்னு அதுக்குத் தெரியாதா?"

"யாரும் சொல்லலியே டீச்சர். சொன்னாத்தானே தெரியும்."

ஞானசௌந்தரி சேலைத் தலைப்பால் மேஜையின் தூசியைத் துடைத்தாள். அங்கே தூசி இல்லை.

குல்ஷன் ஒரு கட்டத்தில் இருந்த டிக் குறியை எடுத்தாள். மெயில் படீரென்று திறந்தது. ஞானசௌந்தரி எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணா, நான் தனசிங்கின் மனைவி" வரைக்கும் அடித்திருப்பாள், மறுபடி வெள்ளைப் பக்கம்.

"என்ன ஆச்சு? நான் எதையாவது தொட்டுட்டேனா?"

குல்ஷன் குனிந்து பார்த்தாள். எடுத்த குறி தானாகத் திரும்ப வந்திருந்தது. மறுபடி எடுத்தாள். இரண்டு நிமிஷத்தில் மறுபடி வந்தது. மூன்றாவது தடவை இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் குட்டிக் கட்டத்தையே பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. குறி வந்து உட்கார்ந்தது.

"கண்ணு முன்னாடியே வருது பாருங்க! பேஜாரா போச்சே" என்றாள் குல்ஷன். அவள் முகத்திலும் இப்போது குழப்பம். கரீமுக்குப் போன் போட்டாள். "யோவ், நாப்பத்திரண்டு எடுத்தேன்னு பீத்திகினியே, நாப்பத்திமூணாவது இங்க குந்திகினு கீதுய்யா!" அந்தப் பக்கம் அவர் என்னவோ சொன்னார். "ஃபார்மட்டுன்னு சொன்னே, ராத்திரிக்குச் சோறு கிடையாது" என்று வைத்துவிட்டாள்.

ஒன்றரை மணிக்குத்தான் கிடைத்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த உத்தரவைத் திரும்பப் போடு என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு ஏற்பாடு எழுதி வைக்கப்பட்டிருந்தது. அது கிருமி மாதிரியே இல்லை. ஒழுங்கான வேலைகளுக்கு நடுவில் ஒழுங்கான பெயரோடு உட்கார்ந்திருந்தது. அதை நீக்கிவிட்டு, குறியை எடுத்துவிட்டு, இருவரும் சாம்பார் சாதம் சாப்பிட்டு வந்து பார்த்தார்கள். குறி வரவில்லை. மெயில் திறந்தே இருந்தது.

ஞானசௌந்தரி எழுதினாள். தனசிங் பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்துவிட்டார், உங்களுக்கு வந்தது அவர் எழுதியது அல்ல, கம்ப்யூட்டரில் வந்த வைரஸ் அனுப்பியது, அதில் கடிதம் எதுவும் கிடையாது, இந்த வயதில் வீணாக அலைய வேண்டாம். எழுதி முடித்துப் படித்தபோது கருங்கல் மாதிரி இருந்தது. மாற்றத் தெரியவில்லை. அனுப்பிவிட்டாள்.

"ஆனா குல்ஷன், உலகத்துல இத்தனை பேர் இருக்க, அது ஏன் அவருக்குப் போச்சு?"

"அது புதுசா ஆளைத் தேடாது டீச்சர். இன்பாக்ஸ்ல கெடக்கிற பழைய லெட்டரை எடுத்து, அதுக்குப் பதில் போடும். அப்பத்தான் நம்பித் தொறப்பாங்க. இங்க பாருங்க." குல்ஷன் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். தனசிங் போன பிறகு சேர்ந்த எட்டு மாதக் குப்பை முடிந்தது. அதற்குக் கீழே பிப்ரவரிக்கு முந்தியது என்று மொத்தம் பதினோரு கடிதம்தான் இருந்தது. "எல்லாத்தையும் சார் அழிச்சிருக்காரு. இந்தப் பதினொண்ணு மட்டும் வெச்சிருக்காரு. எனக்கு இன்பாக்ஸ்ல பன்னெண்டாயிரம் கீது."

பதினோராவது, எல்லாவற்றுக்கும் அடியில், 2016-இல் வந்தது. அதற்கு மேலே இருந்தவை எல்லாம் அவர் போவதற்கு முந்தைய இரண்டு மாதத்து விஷயங்கள்.

குல்ஷன் தன் பையை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பாஸ்வேர்டைத் தேடியெடுத்து மாற்றிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஞானசௌந்தரி சாயங்காலம் பார்த்தாள். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பார்த்தாள், மத்தியானம் பார்த்தாள். இல்லை. மெயில் போகவில்லையா, போய்ப் படிக்கவில்லையா, படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாரா? இணைப்பு இருக்கும்போதும் ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். வருகிறவர் ஒரு கடிதத்தைப் படிக்க வருகிறார். தனசிங்கின் கையெழுத்து அவளுக்கு வரும். பிள்ளைகளின் லீவு லெட்டரில் அவருக்காக எத்தனையோ தடவை போட்டிருக்கிறாள். 'அன்புள்ள யக்ஞம்' என்று எழுதினாள். அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை. பொய் என்பதற்காக இல்லை. அவர் மன்னித்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. நாற்பத்திநான்கு வருஷம் கூட இருந்தவள். அந்த ஏழு மாதமும் அவர் மொட்டைமாடியில் நடந்துகொண்டே இருந்தார். ஒரு வார்த்தை திட்டியதில்லை, ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்ததும் இல்லை. அந்த மௌனத்துக்குள் என்ன இருந்தது என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. தாளைக் கிழித்தாள்.

சனிக்கிழமை ஒன்றேகாலுக்கெல்லாம் தாம்பரம் ஸ்டேஷனில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நின்றாள். அவர் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். வராவிட்டால் வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்றும் நினைத்தாள்.

இரண்டு மணி தாண்டி வண்டி வந்தது. கூட்டம் இறங்கி முடிந்த பிறகு, நான்காவது பெட்டியிலிருந்து ஒரு ஒல்லியான மனிதர் கைப்பையை முதலில் இறக்கிவிட்டுத் தானும் இறங்கினார். காது மட்டும் பெரிதாகியிருந்தது. மற்றபடி அவரேதான். அவர் பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் உயரமான ஒருவரைத் தேடுகிற மாதிரி, எல்லார் தலைக்கும் மேலே பார்த்தார். அவர் படிக்கவில்லை என்று அவளுக்கு அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

"அண்ணா."

கேட்கவில்லை. எதிரே போய் நின்றாள். முகம் மலர்ந்தது.

"சௌந்தரியா! அடையாளமே தெரியலையேம்மா!" காது கேளாதவர்களின் உரத்த குரல். நாலு பேர் திரும்பினார்கள். "எங்க அவன்? வரலையா? வெளியில நிக்கறானா? இன்னும் கோவமா?"

எலக்ட்ரிக் ட்ரெயின் அறிவிப்பு மூன்று மொழியில் முழங்கிக்கொண்டிருந்தது. அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாம் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டும் நூல் கட்டிய பேனாவும் எடுத்து நீட்டினார். "எழுதிடும்மா. எல்லாரும் எனக்கு எழுதித்தான் காட்டறது."

நின்றபடியே எழுதினாள். 'அவர் இறந்துவிட்டார்.'

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் படித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எதுவும் கேட்காமல் எழுந்து இடம் கொடுத்தாள்.

"எப்போ? நேத்தா? முந்தா நேத்தா?"

'பிப்ரவரி.'

அவர் உதடு மாதங்களை எண்ணியது. "இல்லையே. போன வாரம்தானே எனக்கு எழுதினான்?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்சம் நேரம் எழுதினாள். 'அது அவர் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு வைரஸ். பழைய கடிதங்களுக்குத் தானே பதில் போட்டிருக்கிறது. அந்த இணைப்பில் ஒன்றும் இல்லை. உங்களுக்கு வியாழக்கிழமை எழுதினேன்.'

"தங்கை மகள் ஊர்ல இல்ல. அவதான் மெயிலைத் திறந்து தருவா" என்றார், நோட்டைப் பார்த்தபடி. பிறகு, "ஒண்ணுமே இல்லையா" என்றார். இப்போது அவர் குரல் சின்னதாக இருந்தது.

அவள் நோட்டைத் திரும்ப வாங்கினாள். 'உங்கள் கடிதத்தை அவர் அழிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுவார். ஒன்பது வருஷம் உங்களுடையதை மட்டும் வைத்திருந்தார்.'

"படிச்சானா?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அப்புறம் ஏன் பதில் போடலை?"

'எனக்குத் தெரியவில்லை அண்ணா. யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.'

ஒரு வண்டி வந்து, நின்று, போனது. "அவனுக்கு எழுதவே வராதும்மா" என்றார் கடைசியில். "ஸ்டோர்ல அவன் ரிப்போர்ட் எல்லாம் நான்தான் எழுதிக் குடுப்பேன். சொல்லியிருக்கானா உன்கிட்ட?"

சொன்னதில்லை. அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"இங்கிலீஷ்ல ஒரு வரி போட்டான்னா அதுல மூணு தப்பு இருக்கும். இந்த மெயில்ல ஒரு தப்பு இல்லை. பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்தான். சந்தேகப்பட்டுண்டேதான் டிக்கெட் எடுத்தேன்." அவர் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். "கல்லறை தூரமா?"

பக்கம்தான் என்று கையால் காட்டினாள். அவர் எழுந்திருக்கக் கை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டு, மறு கையில் அவர் பையை எடுத்துக்கொண்டு, மேம்பாலப் படிக்கட்டை நோக்கி நடந்தாள்.